இரண்டாவது குழாய்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக வட்டக்கச்சியில் நடைபெற்ற நீரிழிவு மருத்துவ முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் இந்த ஊர்ப் பிள்ளை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் நம் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தேன். விடுமுறைக்கு வீடு வருவதென்றால் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடக்க வேண்டியிருந்த காலம் அது. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு. ஆய்வுகூடத்தில் ஒரு போத்தல் அயடீன் இருந்தால் அதைத் துளித் துளியாக எண்ணித்தான் பாவிப்போம்.

1994இல் ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞான பாடத்தில் செய்த ஒரு பரிசோதனையை இங்கிருக்கும் பலரும் செய்திருப்பீர்கள். விடுதிச் சமையலறையிலிருந்து வடித்த கஞ்சி வந்தது. அதை இரண்டு குழாய்களில் ஊற்றினோம். முதலாவது குழாயில் உமிழ்நீரை விட்டோம். இரண்டாவதில் கொதிக்க வைத்து ஆறவிட்ட உமிழ்நீரை விட்டோம். சில நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டிலுமிருந்து ஒரு துளி எடுத்து அயடீனோடு சேர்த்துப் பார்த்தோம். முதலாவதில் கருநீல நிறம் மெல்ல மெல்ல இல்லாமல் போனது. இரண்டாவதில் அப்படியே நின்றது. உமிழ்நீரில் இருக்கும் அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளை உடைக்கிறது என்று கொப்பியில் எழுதிக்கொண்டோம்.

அன்று ஒரு மாணவி, "ரீச்சர், இரண்டாவதில் ஒன்றும் நடக்காதென்று தெரியும்தானே, பிறகு ஏன் அயடீனை வீணாக்குவான்?" என்று கேட்டாள். ரீச்சர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. "பிள்ளையள், இந்த ரெண்டாவது குழாய் இல்லாட்டி முதலாவது குழாய் சொல்லுறதை நம்பாதேங்கோ."

முதுமையோடு வரும் நோய்களுக்கும் நொதியங்களுக்கும் மருந்துகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் பேசப் போவது அந்த இரண்டாவது குழாயைப் பற்றித்தான்.

முதலில் நொதியம் என்றால் என்னவென்று நம் ஊர்ப் பாணியில் சொல்லிவிடுகிறேன். நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாப்பொருளை ஒரு கதிர்க்கட்டு என்று வையுங்கள். கதிராக இருக்கும்வரை அது மூட்டைக்குள் போகாது. சூடடித்தால்தான் மணி உதிரும். அந்த மணிதான் குளுக்கோசு. சூடடிக்கும் மெஷின்தான் நொதியம். வாயிலும் கணையத்திலும் சுரக்கும் அமிலேசு கதிர்க்கட்டைச் சிறு சிறு துண்டாக்குகிறது. சிறுகுடலின் சுவரில் இருக்கும் வேறு நொதியங்கள் அந்தத் துண்டுகளிலிருந்து மணியை உதிர்க்கின்றன. மணி மட்டுமே குருதிக்குள் போகும்.

நீரிழிவு உள்ளவருக்கு மணி ஒரேயடியாக உதிர்ந்தால் குருதியில் சீனி ஏறிவிடுகிறது. அந்த மெஷினின் வாயில் ஒரு மட்டையைச் செருகி வேகத்தைக் குறைத்தால் என்ன? நொதியத்தை இலக்கு வைக்கும் மருந்துகளின் அடிப்படை இதுதான். நொதியத்தின் வாய்க்குள் சரியாகப் பொருந்தும் ஒரு சின்ன மூலக்கூறைத் தேடுகிறார்கள். அது அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் நொதியத்தின் வேலை மெதுவாகும்.

இனி என் பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். இது என் தவறின் கதையும்தான்.

மீள்குடியேறிய பின்னர், 2013இல், நான் லீவில் இங்கே வந்திருந்தேன். பெரியம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் கொடுத்த மெற்போமினும் கிளிபென்கிளமைட்டும் எடுத்து வந்தார். அன்று வெள்ளிக்கிழமை விரதம். காலைக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கோயிலுக்குப் போய் வந்தார். பத்து மணியளவில் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. குருதியில் சீனி இறங்கிவிட்டதென்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. சீனியைக் கரைத்துப் பருக்கினேன். சாதாரணமாகப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆள் தெளிந்துவிட வேண்டும். அவர் தெளியவில்லை. இன்னும் சீனி கொடுத்தேன். அப்போதும் என்னைப் பார்த்து, "நீ ஆர் பிள்ளை?" என்று கேட்டார். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், நரம்பு வழியாகக் குளுக்கோசு ஏற்றிய பிறகுதான் என் பெயரைச் சொன்னார்.

திரும்பி வந்தபோது அடுக்களை யன்னலில் ஒரு மரக்குவளை இருந்ததைக் கண்டேன். "அது சீனிக்கு நல்லதாம். இரவு தண்ணி ஊத்தி வைச்சு விடியக் குடிக்கிறவ. ரெண்டு மாசமாச்சு" என்றாள் மச்சாள். தெற்கே சுற்றுலா போய் வந்த அயலவர் ஒருவர் அன்போடு வாங்கி வந்து கொடுத்தது. நான் வந்து ஐந்து நாளாகியிருந்தது. கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன், குளிசைகளை எண்ணிப் பார்த்தேன். "வேறு என்ன குடிக்கிறீங்கள், பெரியம்மா?" என்று மட்டும் கேட்கவில்லை.

அந்தக் குவளை சிங்களத்தில் 'கொத்தல ஹிம்புட்டு' என்ற கொடியின் மரத்தில் கடைந்தது. நம் சித்த மருத்துவத்தில் பொன்கொரண்டி, கடலழிஞ்சில் என்று சொல்வார்கள். தாவரவியலில் அதற்குச் சலேசியா ரெற்றிக்குலேற்றா என்று பெயர். நம் வன்னியின் வரண்ட காட்டில் அது வளராது. தென்மேற்கின் ஈரக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளர்கிறது. நீரிழிவுக்கு அதைப் பாவிக்கும் வழக்கம் பல தலைமுறைப் பழையது.

இந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டு அதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போனவர்கள் ஜப்பானியர்கள். கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யொஷிகாவாவின் குழுவினர் 1997இல் அந்தக் கொடியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்துச் சலசினோல் என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டு இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கொட்டலனோல் என்று பெயர். கொத்தல என்ற சிங்களச் சொல் அந்த வகையில் உலக இரசாயன நூல்களில் ஏறிவிட்டது. இரண்டும் கந்தகம் சேர்ந்த விசித்திரமான வெல்லப் போலிகள். சிறுகுடலின் நொதியம் இவற்றைக் கதிர் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்கிறது. ஆனால் அரைக்க முடிவதில்லை. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மாரியோ பின்டோவின் குழுவினர் இவற்றை ஆய்வுகூடத்திலேயே உருவாக்கினார்கள். கொட்டலனோலின் சரியான அமைப்பு 2009இல்தான் உறுதியானது.

ஆகவே பாட்டிமார் சொன்னது வெறும் கதையல்ல. அந்த மரத்தில் உண்மையாகவே ஒரு மட்டை இருக்கிறது. முதலாவது குழாயில் நிறம் மாறிவிட்டது.

அப்படியானால் இரண்டாவது குழாய்? அதையும் நம் நாட்டு மருத்துவர்களே செய்தார்கள். கொத்தல ஹிம்புட்டு சேர்ந்த ஒரு தேநீரை 51 நீரிழிவு நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் மருந்துத் தேநீர், மூன்று மாதம் அதைப் போலவே தோன்றும் வெற்றுத் தேநீர். எது எப்போது என்று குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது. முடிவு 2005இல் வெளிவந்தது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி, வெற்றுத் தேநீரின் பின் 6.65 ஆகவும் மருந்துத் தேநீரின் பின் 6.29 ஆகவும் இருந்தது.

வித்தியாசம் உண்மையானது. ஆனால் சிறியது. புள்ளி மூன்று ஆறு. மெற்போமின் பொதுவாக ஏறத்தாழ ஒரு புள்ளி குறைக்கும். அந்த 51 பேருக்கும் சீனி ஓரளவு கட்டுப்பாட்டில்தான் இருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். எச்பிஏ1சி 10, 11 என்று நிற்கும் ஒரு தாய் குளிசையை நிறுத்திவிட்டுக் குவளையை மட்டும் நம்பினால், அவருடைய கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் அந்தப் புள்ளி மூன்று ஆறு காப்பாற்றாது. பரிசோதனையில் கொடுத்தது அளந்த தேநீர். புதுக் குவளையில் இறங்கும் அளவு வேறு, ஆறு மாதம் பழகிய குவளையில் இறங்கும் அளவு வேறு.

பெரியம்மாவுக்கு நடந்ததற்கு விரதமும் கிளிபென்கிளமைட்டுமே போதும். குவளையின் பங்கு எவ்வளவென்று அளக்க எனக்கு வழியில்லை. ஆனால் நான் பருக்கிய சீனி ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு நொதியத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. கடைச் சீனி இரண்டு மணிகள் ஒட்டிய கதிர். அதைப் பிரிக்கவும் சிறுகுடலின் அதே வகை மெஷின் வேண்டும். மெஷினின் வாயில் மட்டை இருந்தால் சீனியும் அங்கேயே காத்துக் கிடக்கும். குளுக்கோசு அப்படியல்ல. அது ஏற்கெனவே உதிர்ந்த மணி, நேரே குருதிக்குள் போகும். இதே வேலையைச் செய்யும் அகார்போஸ் என்ற குளிசை எடுப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறோம். தாய்மாரே, இந்த உரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறவாதீர்கள். அகார்போஸோ கொத்தல ஹிம்புட்டுவோ எடுப்பவருக்குச் சீனி இறங்கினால் குளுக்கோசுப் பவுடரைக் கரைத்துக் கொடுங்கள். வீட்டில் ஒரு பெட்டி எப்போதும் இருக்கட்டும். ஆள் விழுங்கும் நிலையில் இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அகார்போஸைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. முதுமையே ஒரு நோய், அதற்கும் மருந்துண்டு என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனம், மூன்று ஆய்வுகூடங்களில் ஒரே மாதிரிச் சுண்டெலிகளுக்கு ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்து ஆயுள் நீள்கிறதா என்று பார்க்கிறது. அகார்போஸின் முடிவு 2014இல் வந்தது. ஆண் சுண்டெலிகளின் இடைநிலை ஆயுள் 22 சதவீதம் கூடியது. பெண் சுண்டெலிகளில்? 5 சதவீதம் மட்டும். ஆணில் மட்டும் பார்த்திருந்தால் அதிசய மருந்து என்று எழுதியிருப்பார்கள்.

மனிதரில் என்ன நடந்தது? சீனாவில் இதய நோயும் நீரிழிவுக்கு முந்திய நிலையும் உள்ள 6,522 பேருக்கு அகார்போஸோ வெற்றுக் குளிசையோ கொடுத்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. நீரிழிவு வருவது 18 சதவீதம் குறைந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் இதய நோயால் வரும் இறப்பும் குறையவில்லை. சுண்டெலியின் ஆயுளை நீட்டிய மருந்து மனிதரின் இதயத்தைக் காக்கவில்லை.

இதை நான் சொல்வது முக்கியமாக வெளிநாட்டில் இருக்கும் என் தோழியருக்கு. உங்களுடைய பாசல்களை நான் இங்கே கிளினிக் மேசையில் பார்க்கிறேன். முதுமையைத் தள்ளிப் போடும் என்று எழுதிய கப்சியூல் போத்தல்கள். சேர்ட்டுவின் என்ற நொதியங்களைத் தூண்டும் ரெஸ்வெரற்றோல் ஒன்று, அதே நொதியங்களுக்கு வேண்டிய பொருளைக் கூட்டும் என்எம்என் இன்னொன்று. சேர்ட்டுவின் மருந்துகளைத் தேடிய சேர்ட்ரிஸ் நிறுவனத்தைக் கிளாக்ஸோஸ்மித்கிளைன் 2008இல் 72 கோடி டொலருக்கு வாங்கியது. 2013இல் அந்த ஆய்வுகூடத்தை மூடிவிட்டது. நான் முன்னர் சொன்ன சுண்டெலிப் பரிசோதனையில் ரெஸ்வெரற்றோல் ஆயுளை நீட்டவில்லை. என்எம்என் மனிதரின் ஆயுளை நீட்டியதாகக் காட்டிய பரிசோதனை ஒன்றும் இல்லை. அந்தப் போத்தல்களில் இருப்பது முதலாவது குழாய் மட்டுமே.

போன மாதம் ஒரு தாய் அப்படி ஒரு போத்தலோடு வந்தார். மகள் அனுப்பியதென்று ஒரு நாளும் தவறாமல் எடுக்கிறார். "பிரஷர்க் குளிசை எங்கே, அம்மா?" என்று கேட்டேன். "அது சும்மா கிடைக்கிற குளிசைதானே, டொக்டர். கன நாளாய் நிப்பாட்டிப் போட்டன்" என்றார்.

அந்தச் 'சும்மா' குளிசைதான் உண்மையான நொதிய மருந்து. கிளினிக்கில் இலவசமாகத் தரும் எனலாப்ரில், குருதி அமுக்கத்தைக் கூட்டும் ஒரு நொதியத்தை மறிக்கிறது. அந்த வகை மருந்துகளுக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் நஞ்சு. கொலஸ்ட்ரோலுக்குத் தரும் ஸ்ரற்றின் குளிசை, ஈரலில் கொலஸ்ட்ரோல் செய்யும் நொதியத்தை மறிக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஏறத்தாழ 6,000 பூஞ்சணங்களைச் சோதித்து, 1973இல் அந்த வகையின் முதற்பொருளைக் கண்டுபிடித்தார். அதைத் தந்தது கியோட்டோவில் ஒரு தானியக் கடையின் அரிசியிலிருந்து எடுத்த பூஞ்சணம். எங்கள் வீட்டு மூட்டையில் பூத்தால் நாம் தட்டிக் கொட்டும் பச்சைப் பூஞ்சணத்தின் இனம்.

இந்த மருந்துக்கு இரண்டாவது குழாய் இருக்கிறது. ஸ்கண்டிநேவிய நாடுகளில் இதய நோயுள்ள 4,444 பேரை இரண்டாகப் பிரித்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பார்த்தார்கள். 1994இல், நாங்கள் கஞ்சியில் அயடீன் விட்ட அதே ஆண்டில், முடிவு வந்தது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள். சிம்வாஸ்ரற்றின் எடுத்தவர்களில் 182 பேர் இறந்தார்கள். ஆயுளை நீட்டும் மருந்து என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம்.

ஆனால் அங்கேயும் ஒரு குறை. 4,444 பேரில் பெண்கள் 827 பேர். பெண்களிலும் மாரடைப்புக் குறைந்தது. உயிரிழப்புப் பற்றி முடிவு சொல்ல அந்தத் தொகை போதவில்லை. பின்னர் பல பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோதுதான், பெண்களுக்கும் ஆண்களைப் போலவே பயன் உண்டென்று உறுதியானது. பெண்களை முதலிலேயே போதிய அளவு சேர்த்திருந்தால் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்காது.

எங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இலங்கையில் நீரிழிவு எவ்வளவு என்று கண்டறிய 2005–2006இல் பெரிய ஆய்வொன்று நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. நாங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் கணக்கு இது. ஆனால் அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. யுத்த காலம். அந்தக் கணக்கில் என் பெரியம்மா இல்லை. நீங்கள் ஒருவரும் இல்லை.

அதனால்தான் இன்று காலை உங்கள் விரலில் குத்தி எடுத்த ஒவ்வொரு துளியையும் வயது, எடை, எடுக்கும் குளிசை, குடிக்கும் கஷாயம் எல்லாவற்றோடும் சேர்த்துப் பதிந்திருக்கிறோம். "இதெல்லாம் ஏன் கேக்கிறியள்?" என்று சிலர் சலித்துக்கொண்டீர்கள். எண்ணாதவர்களுக்காக யாரும் மருந்து திட்டமிடுவதில்லை, அம்மா. அதற்காகத்தான் கேட்டோம்.

சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நூறு ஆண்டுகளாக நாம் கட்டடத்துக்கும் புலமைப்பரிசிலுக்கும் பணம் சேர்த்திருக்கிறோம். அது தொடரட்டும். இந்த முகாம் ஒரு நாளோடு முடியாமல், இதே தாய்மாரை அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தேடி வந்து பார்ப்பதற்கு உதவுங்கள். ஒரு தடவை குத்திப் பார்ப்பது அன்றைய சீனியைச் சொல்லும். ஆண்டாண்டாகப் பார்த்தால்தான் யாருடைய சிறுநீரகம் தளர்கிறது, யாருக்கு மருந்து பிடிக்கிறது என்பது தெரியும்.

வெளிநாட்டுத் தோழியரே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வீடியோவில் கதைக்கும்போது கிளினிக் பையைக் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு குளிசையாகக் காட்டச் சொல்லி, எதை எடுக்கிறார், எதை நிறுத்தினார் என்று கேளுங்கள். பிறகு, நான் கேட்கத் தவறிய கேள்வியையும் கேளுங்கள்: "வேறு என்ன குடிக்கிறீங்கள், அம்மா?" ஏசாமல் கேளுங்கள். ஏசினால் அடுத்த தடவை மறைத்துவிடுவார்கள். திரும்பிப் போகும்போது மரக்குவளை வாங்கிக்கொண்டு கட்டுநாயக்காவில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். அழிந்து வரும் கொடி அது, அனுமதியின்றி வெளியே கொண்டு போவது குற்றம்.

பெரியம்மா அதன் பின் ஏழு ஆண்டுகள் இருந்தார். கிளினிக்கில் கிளிபென்கிளமைட்டை மாற்றித் தந்தார்கள். விரதத்தை அவர் விடவில்லை. விரத நாளில் எந்தக் குளிசையை எப்போது எடுப்பது என்று முதல் நாளே போன் எடுத்துக் கேட்பார். குவளையை எறியவும் அவருக்கு மனம் வரவில்லை, அயலவர் தந்ததல்லவா. குளிசைகளை அதற்குள் போட்டு வைத்தார். இப்போது அது என் மேசையில் இருக்கிறது.

எனக்கு அந்த இரண்டாவது குழாயைக் காட்டித் தந்த ரீச்சருக்கும், அயடீன் தீர்ந்த காலத்திலும் ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்திருந்த நம் கல்லூரிக்கும் தலை வணங்குகிறேன். குளுக்கோசுப் பெட்டிகள் வாசலில் இருக்கின்றன. வீட்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போங்கள்.